அம்மா மாதிரி எழுப்புற அலாரம்: ஃபேன ஆஃப் பண்றதுல ஆரம்பிச்சு முழு செட்டப்பும்

எங்க வீட்டுல அலாரம்னு தனியா ஒண்ணு இருந்ததே இல்ல. அம்மா வருவாங்க, மொதல்ல ஃபேன ஆஃப் பண்ணுவாங்க, அப்புறம் ஜன்னல் ஸ்கிரீன சர்ருனு இழுப்பாங்க, கிச்சன் போய் சட்னிக்கு மிக்ஸிய போடுவாங்க, அங்கேருந்தே "மணி எட்டாச்சுடி"னு ஒரு கத்து. பதறி எழுந்து பாத்தா மணி ஆறரை. இருபத்திரெண்டு வருஷம் இப்படியே ஓடிடுச்சு, அதனால எனக்கு எழவே தெரியாதுங்கிற விஷயமே வேலை கெடச்சு தஞ்சாவூர்லேருந்து சென்னை வந்து, பெருங்குடில ஃப்ரெண்டு கூட ஃப்ளாட் எடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது. காலைல 6:10க்கு ஆபீஸ் கேப். போன்ல அஞ்சு அலாரம் வெச்சிருப்பேன், அஞ்சையும் நானே ஆஃப் பண்ணிருப்பேன், பண்ணது எனக்கு ஞாபகமே இருக்காது. பக்கத்து ரூம்ல படுத்திருக்கிற ஃப்ரெண்டு எழுந்து வந்து கதவத் தட்டுவா, பாவம் அவளுக்கு ஷிப்ட் பதினோரு மணிக்குத்தான்.

அப்புறம் ஒரு மே மாசம் ராத்திரி ரெண்டரைக்கு கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் கெடையாது. ரெண்டே நிமிஷம், முழுசா எழுந்து கட்டில்ல உக்காந்திருக்கேன், தண்ணி குடிக்கிறேன், ஜன்னல தொறக்குறேன், கொசுவ அடிக்கிறேன். அஞ்சு அலாரம் சேந்து செய்ய முடியாதத நின்னு போன ஒரு ஃபேன் செஞ்சிருச்சு. அம்மாவுக்கு இது எப்பவோ தெரிஞ்சிருக்கு! அன்னிக்கு முடிவு பண்ணேன், அம்மா பண்றத அதே வரிசைல பண்ற ஒரு மெஷின் செய்யணும்னு. மூணு தடவ பிரிச்சு மறுபடி கட்டினதுக்கப்புறம் இப்ப ஒழுங்கா ஓடுது. சர்க்யூட் கொஞ்சம் தெரிஞ்சவங்க ரெண்டு வீக்கெண்டுல முடிச்சிடலாம். தெரியாதவங்களுக்கு கடைசில ஒரு சோம்பேறி வெர்ஷனும் இருக்கு.

சாமான் வாங்குறதுக்கு முன்னாடி

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்துட்டு அஞ்சரைக்கு எழ முடியலன்னா அது அலாரம் பிரச்சனை இல்ல, பெரியவங்களுக்கு குறைஞ்சது 7 மணி நேரம் தூக்கம் வேணும், அதுக்கு எந்த மெஷினும் குறுக்கு வழி குடுக்காது. ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகல்ல கண்ணு சொருகுது, பயங்கர குறட்டை, தூக்கத்துல மூச்சு நிக்கிற மாதிரி ஆகுதுனு பக்கத்துல படுக்குறவங்க சொல்றாங்கன்னா மொதல்ல டாக்டர பாருங்க, அது ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம். தைராய்டு, டிப்ரஷன், சில மாத்திரைங்க இதெல்லாமும் ஆள அடிச்சுப் போடும். சிலருக்கு உடம்புக் கடிகாரமே ரெண்டு மூணு மணி நேரம் தள்ளி ஓடும், ராத்திரி ரெண்டுக்கு முன்னாடி தூக்கமே வராது, அதுக்கும் வைத்தியம் இருக்கு. இது எதுவும் இல்ல, சும்மா ஆழமா தூங்குற ஆளு, அலாரத்த தூக்கத்துலயே ஆஃப் பண்ற ஆளுன்னா மேல படிங்க.

நம்ம எதிரி யாரு

சத்தம் பத்தலனு நெனச்சுதான் எல்லாரும் இன்னும் பெரிய அலாரமா வாங்குறாங்க. எனக்கு சத்தம் கேட்டுச்சு, கேட்டதாலதான ஆஃப் பண்ணேன். ஆழ்ந்த தூக்கத்துலேருந்து திடீர்னு எழுப்பினா மூளை ஒரேயடியா ஆன் ஆகாது, சாதாரணமா 15லேருந்து 30 நிமிஷம் வரைக்கும் ஒரு மந்தம் இருக்கும், இதுக்கு ஸ்லீப் இனர்ஷியானு பேரு. கை கால் எல்லாம் வேல செய்யும் ஆனா முடிவெடுக்கிற பகுதி லேட்டாத்தான் வரும். அந்த நேரத்துல உங்க கைக்கு எட்டுற தூரத்துல ஒரு ஆஃப் பட்டன் இருந்தா அவ்ளோதான், பழகின கை தானா போய் அமுக்கிடும். அம்மாகிட்ட ஆஃப் பட்டன் கெடையாது, அதுதான் மேட்டரே. இந்த டிசைன் முழுக்க அந்த ஒரு விஷயத்த சுத்திதான்: படுக்கைலேருந்து எட்டுற மாதிரி எங்கயும் பட்டன் இருக்கக்கூடாது, திரும்பி வந்து படுத்தா அதுக்கு தெரியணும்.

உலகத்துல மத்தவங்களும் இதுக்கு மண்டைய ஒடச்சிருக்காங்க. எம்ஐடில படிச்சப்ப கௌரி நந்தா செஞ்ச க்ளாக்கி, ஸ்னூஸ் அமுக்கினா மேசைலேருந்து குதிச்சு உருண்டு ஓடி ஒளிஞ்சுக்கும், சிரிக்க வெச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு குடுக்குற இக் நோபல் பரிச 2005ல வாங்குச்சு. ஜப்பான்ல காது கேக்காதவங்கள தீ விபத்துல எழுப்புறதுக்காக வசாபி நெடிய காத்துல அடிக்கிற அலாரம் செஞ்சாங்க, அதுக்கு 2011ல இக் நோபல். அங்கயே ரயில்வே ஸ்டாஃபுக்கு மெத்தைக்கு அடியில ஒரு காத்துப் பை, நேரம் ஆனா ஊதி ஆள முதுகோட தூக்கி விட்டுடும். நான் மொதல்ல அந்த காத்துப் பைதான் செய்யலாம்னு பாத்தேன், ஏர் பம்ப் சத்தத்துலயே கீழ் வீட்டு மாமி மாடிக்கு வந்துட்டாங்க. விட்டுட்டேன்.

ஷாப்பிங்

ரிச்சி ஸ்ட்ரீட்தான், வேற எங்க. சனிக்கிழமை காலைல போயிடுங்க, ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை லீவு. வண்டில போகாதீங்க, மெட்ரோ புடிச்சு போங்க, பார்க்கிங் தேடுற நேரத்துல பாதி சர்க்யூட் முடிச்சிடலாம். நான் வாங்கினது: இஎஸ்பி32 போர்டு ரெண்டு (வைஃபையோட வர்ற குட்டி கம்ப்யூட்டர், இதுதான் மூளை), டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒண்ணு, டிஎஃப் பிளேயர் மினினு ஒரு எம்பி3 மாட்யூல், 32 ஜிபிக்குள்ள ஒரு மெமரி கார்டு, ஆர்சி522 ஆர்எஃப்ஐடி ரீடர் (கிட்ட காட்டுற டேக தொடாமலே படிக்கிறது) கூடவே வர்ற ரவுண்டு டேகோட, 940 நானோமீட்டர் ஐஆர் எல்ஈடி ரெண்டு மூணு (ஐஆர்னா இன்ஃப்ராரெட், ரிமோட் அனுப்புற கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்), ஒரு ஐஆர் ரிசீவர், 2என்2222 டிரான்சிஸ்டர், எல்ஈடி ஸ்ட்ரிப்ப ஏத்தி இறக்க ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட், 12 வோல்ட் வெள்ளை எல்ஈடி ஸ்ட்ரிப் ஒரு மீட்டர், 12 வோல்ட்ட 5 வோல்ட்டா குறைக்க எல்எம்2596 பக் கன்வெர்ட்டர், நாலு இன்ச் ஸ்பீக்கர், அப்புறம் வைஃபை ரவுட்டருக்கு போடுவாங்கல்ல அந்த 12 வோல்ட் மினி யுபிஎஸ். ரெசிஸ்டர், கெபாசிட்டர், வயர் எல்லாம் சில்லறை. யுபிஎஸ் வீட்டுலயே இருந்துது, அது நீங்கலா எனக்கு ரெண்டாயிரத்து சொச்சம் ஆச்சு.

ரிசீவர் வாங்கும்போது மட்டும் கவனமா இருங்க. பழைய புக்ஸ்ல எல்லாம் டிஎஸ்ஓபி 1738னு போட்டிருக்கும், அது 5 வோல்ட் ஐட்டம், இஎஸ்பி32 ஓட பின் எல்லாம் 3.3 வோல்ட். விஎஸ்1838பி இல்லன்னா டிஎஸ்ஓபி 38238 கேட்டு வாங்குங்க, ரெண்டுமே 3.3ல ஓடும்.

இன்னொரு ஐட்டத்துக்கு ஜிபி ரோடு போகணும், மவுண்ட் ரோட்ட தாண்டினா வந்துடும், கார் ஸ்பேர் பார்ட்ஸ் ஏரியா. அங்க சீட் பெல்ட் வார்னிங்குக்கு சீட்டுக்கு அடியில போடுற பிரஷர் பேட் கேளுங்க. ஆள் உக்காந்தா உள்ள சுவிட்ச் மூடும், ரெண்டே வயர், தட்டையா மெல்லிசு. கடைக்கார அண்ணா "எந்த வண்டிக்கும்மா?"னு கேட்டார், கட்டிலுக்குனு சொன்னேன், அதுக்கப்புறம் எங்கிட்ட பேசவே இல்ல.

ஸ்டெப் 1: ஃபேன புடிக்கிறது

இதுதான் இந்த அலாரத்தோட உயிர், அதனால இதுக்கே நெறைய நேரம் செலவு பண்ணுங்க. ஃபேன் நின்னா ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, வேர்வை காயறது நின்னுடும், சென்னை ஈரப்பதத்துல சில நிமிஷத்துல உடம்பு பிசுபிசுக்க ஆரம்பிச்சிடும். இன்னொண்ணு யாரும் யோசிக்காதது, ஃபேன் சத்தம் ராத்திரி பூரா ஒரு போர்வை மாதிரி மத்த சத்தத்த மூடி வெச்சிருக்கு, அது நின்னதும் தெருவுல தண்ணி லாரி, பால்காரர் வண்டி, நாய், மாடில யாரோ பக்கெட் இழுக்குறது எல்லாம் ஒரே நேரத்துல காதுக்குள்ள வரும். மெதுவா எழுப்புற அலாரத்த காசு குடுக்காம ஊரே நமக்கு சப்ளை பண்ணுது.

தயவுசெஞ்சு 230 வோல்ட் லைன்ல ரிலே மாட்யூல் வெச்சு நீங்களா விளையாடாதீங்க, அதுவும் தூங்குற ரூம்ல. அதுக்கு அவசியமே இல்ல, இப்ப வர்ற பிஎல்டிசி ஃபேனுக்கு (கரண்ட் கம்மியா இழுக்குற புது வகை) பெரும்பாலும் ரிமோட் இருக்கு, ரிமோட் பேசுற பாஷைய நம்ம போர்டும் பேசினா போதும். உங்க ரிமோட் ஐஆரா இல்ல ரேடியோவானு மொதல்ல பாருங்க: போன் கேமராவ ஆன் பண்ணி ரிமோட் மூக்குக்கு நேரா காட்டி பட்டன அமுக்குங்க, ஊதா கலர்ல மினுக்குனா ஐஆர். பின் கேமராவுல சில போன்ல ஃபில்டர் இருக்கும், செல்ஃபி கேமராவுலயும் ஒரு தடவ பாத்துடுங்க. எதுலயும் மினுக்கலன்னா ரேடியோ ரிமோட்டா இருக்கலாம், அப்ப இந்த ரூட் வேலைக்காவாது, சோம்பேறி வெர்ஷனுக்கு போயிடுங்க.

ரிசீவர போர்டுல மாட்டி, ஐஆர் ரிமோட் இஎஸ்பி8266ங்கிற லைப்ரரிய போடுங்க, பேருல 8266னு இருந்தாலும் 32லயும் ஓடும், அதுல டம்ப் எக்ஸாம்பிள் ஒண்ணு இருக்கு. அத ஓட்டி ரிமோட்ட அமுக்கினா கோட் ஸ்கிரீன்ல வரும். பவர், ஸ்பீடு 1, ஸ்பீடு 5 மூணையும் எழுதி வெச்சுக்கோங்க. அனுப்புறதுக்கு எல்ஈடிய நேரா பின்ல மாட்டினா தூரம் போகாது, டிரான்சிஸ்டர் வெச்சு 5 வோல்ட்லேருந்து 33 ஓம் வழியா ஓட்டுங்க, பேஸுக்கு 1 கே. எல்ஈடி மூக்கு ஃபேன் நடுவுல இருக்கிற ரிசீவர பாத்து நிக்கணும்.

இங்கதான் நான் ஒரு வாரம் அடி வாங்கினேன். ஃபேன் ரிமோட்ல ஆன், ஆஃப் ரெண்டும் ஒரே பவர் பட்டன். ஃபேன் ஓடிட்டிருந்தா நிக்கும், நின்னுட்டிருந்தா ஓடும். மழை பெஞ்ச ஒரு ராத்திரி குளுருதுனு நானே ஃபேன ஆஃப் பண்ணிட்டு படுத்தேன், காலைல மெஷின் சமத்தா ஃபேன ஆன் பண்ணி விட்டுச்சு, ஜிலுஜிலுனு இன்னும் நல்லா தூங்கிட்டேன். என் ஃபேன்ல ஸ்பீடு பட்டன் எது அமுக்கினாலும் ஃபேன் ஆன் ஆயிடும், அதனால இப்ப மெஷின் மொதல்ல ஸ்பீடு 1 அனுப்பும், ஒரு செகண்ட் விட்டு பவர் அனுப்பும், எந்த நிலைமைல இருந்தாலும் கடைசில நின்னுடும். உங்க ஃபேன்லயும் அப்படித்தானானு கையால அமுக்கிப் பாத்துக்கோங்க. ஏசி வெச்சிருக்கவங்களுக்கு இந்த தலைவலி பெரும்பாலும் இல்ல, ஏசி ரிமோட் ஒவ்வொரு தடவையும் டெம்பரேச்சர், மோட், ஆன் ஆஃப் எல்லாத்தையும் சேத்துதான் அனுப்பும், ஆஃப்னா ஆஃப்தான். ஆனா ஏசி ரூம் சூடாக நேரம் எடுக்கும், அதனால அலாரத்துக்கு 30 நிமிஷம் முன்னாடியே ஏசிய நிறுத்தணும், ஃபேன கடைசில.

ரூம்ல கைக்குழந்தையோ வயசானவங்களோ படுக்குறாங்கன்னா ஃபேன் ஐடியாவே வேண்டாம், ஸ்டெப் 1ஐ விட்டுட்டு மத்தது மட்டும் போதும்.

ஸ்டெப் 2: நேரம்

வைஃபை இருந்தா இஎஸ்பி32 நெட்லேருந்து நேரம் எடுத்துக்கும், நம்ம ஊர் அஞ்சரை மணி நேர வித்தியாசத்துக்கு 19800 செகண்ட்னு குடுக்கணும். ஆனா நெட்ட மட்டும் நம்பாதீங்க, ராத்திரி கரண்ட் போய் வந்து ரவுட்டர் எழலன்னா போர்டுக்கு மணியே தெரியாது. அதுக்குத்தான் டிஎஸ்3231. உள்ளயே டெம்பரேச்சர பாத்து தன்ன திருத்திக்கும், 2 பிபிஎம்தான் பிழை, அதாவது வருஷத்துக்கே ஒரு நிமிஷம் சொச்சம். கடையில விலை கம்மினு டிஎஸ்1307 எடுத்து நீட்டுவாங்க, வாங்காதீங்க, அது நம்ம ஊர் வெயிலுக்கு ஓடிப் போயிடும்.

அந்த நீல கலர் மாட்யூல்ல ஒரு வில்லங்கம். ரீசார்ஜ் பண்ற பேட்டரிக்குனு ஒரு சார்ஜிங் லைன் இருக்கு, நாம போடுறதோ சாதா சிஆர்2032. 5 வோல்ட் குடுத்தா அந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தப் பாக்கும், உப்பிடும். 3.3 வோல்ட் குடுங்க, பேட்டரியும் சேஃப், போர்டு பின்னும் சேஃப்.

ஸ்டெப் 3: கட்டில் உளவாளி

பிரஷர் பேட மெத்தைக்கு அடியில, இடுப்பு வர்ற இடத்துல வைங்க. தலை பக்கம் வெச்சா வெயிட் பத்தாது. ஸ்பிரிங் மெத்தைன்னா பேடுக்கு அடியில ஒரு பிளைவுட் துண்டு போடணும், இலவம்பஞ்சு மெத்தை, பாய்க்கெல்லாம் அப்படியே வேல செய்யும். ஒரு வயர் கிரவுண்டுக்கு, இன்னொண்ணு 27ஆம் பின்னுக்கு, உள்ள இருக்கிற புல்-அப்ப (சுவிட்ச் மூடாதப்ப பின்ன 3.3 வோல்ட்ல புடிச்சு வைக்கிற ரெசிஸ்டர்) ஆன் பண்ணிடுங்க. 34லேருந்து 39 வரைக்கும் உள்ள பின்ல மாட்டிடாதீங்க, அதுல புல்-அப்பே கெடையாது, ரீடிங் பேய் புடிச்ச மாதிரி ஆடும்.

பேட் கெடைக்கலன்னா கார்போர்டு ரெண்டு துண்டு, மேல காப்பர் டேப், நடுவுல ஓட்டை போட்ட ஃபோம் வெச்சு வீட்டுலயே செய்யலாம். அலுமினியம் ஃபாயில்ல நான் செஞ்சது ரெண்டு மாசத்துல மேல படலம் புடிச்சு தொட்டாலும் காண்டாக்ட் ஆகல, பீச் பக்கம் இருக்கவங்களுக்கு இன்னும் சீக்கிரம் போகும்.

புரண்டு படுக்கும்போது பேட் ஒரு செகண்ட் விட்டு புடிக்கும், அத எழுந்துட்டாங்கனு எடுத்துக்கக்கூடாது. தொடர்ந்து 20 செகண்ட் வெயிட் இல்லன்னாதான் எழுந்ததா கணக்கு, தொடர்ந்து 10 செகண்ட் இருந்தாதான் படுத்ததா கணக்கு. இந்த பேட் மட்டும் அலாரத்த நிறுத்தாது, அது தெளிவா இருக்கட்டும். அது வெறும் சாட்சி.

ஸ்டெப் 4: ஸ்கிரீன இழுக்குறது

சென்னைல சூரியன் ஜூன்ல 5:45 கிட்டயே வந்துடும், ஜனவரி கடைசில 6:35 வரைக்கும் ஆகும், அதனால எல்லா மாசமும் ஜன்னல நம்ப முடியாது. ஒரு மீட்டர் ஸ்ட்ரிப்ப கால் பக்கத்து செவுத்துல, முகத்துக்கு நேரா ஒட்டுங்க. தலைக்குப் பின்னாடி ஒட்டுனா கண்ணுக்கே போகாது. மூடின இமை வழியா ரொம்ப கம்மி வெளிச்சம்தான் உள்ள போகும், அதுலயும் சிவப்பு பக்கம்தான் அதிகமா போகும், அதனால முடிஞ்சா வார்ம் வைட் அரை மீட்டர், கூல் வைட் அரை மீட்டர்னு ரெண்டு லைனா போட்டு மொதல்ல வார்ம், கண்ணு தொறந்ததும் கூல்னு வைங்க. தூக்க ஹார்மோன் மெலடோனின அடக்குறது கண்ணுல இருக்கிற நீலத்துக்கு மசியுற செல்லுங்கதான், 480 நானோமீட்டர் பக்கம்.

30 நிமிஷத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். நேர்கோடா ஏத்தினா மொத ரெண்டு நிமிஷத்துலயே கண்ணுக்கு ஃபுல்லா ஆன மாதிரி தெரியும், அதனால ஆரம்பத்துல ரொம்ப மெதுவா, கடைசில வேகமானு ஏத்துங்க. மாஸ்ஃபெட் கேட்டுக்கு 10 கே புல்-டவுன் (கேட்ட கிரவுண்டுல புடிச்சு வைக்கிற ரெசிஸ்டர்) போட மறக்காதீங்க, இல்லன்னா போர்டு பூட் ஆகும்போதெல்லாம் லைட் பளிச்சுனு மினுக்கும், ராத்திரி மூணு மணிக்கு அது தேவையா.

ஸ்டெப் 5: மிக்ஸியும் குரலும்

போன் அலாரம் எல்லாம் கீச்சுனு ஹை பிட்ச்ல இருக்கும். ஆனா தீ அலாரத்துக்காக ஆள தூங்க வெச்சு ஆராய்ச்சி பண்ணவங்க கண்டுபிடிச்சது நேர் எதிர்: 3100 ஹெர்ட்ஸ் கீச்சு சத்தத்த விட 520 ஹெர்ட்ஸ் ஸ்கொயர் வேவ்தான் அதிகம் பேர எழுப்புது. அமெரிக்கால ஹோட்டல் மாதிரி இடங்கள்ல தூங்குற ரூம் ஃபயர் அலாரத்துக்கு இப்ப 520தான் ஸ்டாண்டர்ட். அம்மா மிக்ஸி ஏன் எழுப்புச்சுனு இப்ப புரியுதா, அடியிலேருந்து வர்ற உறுமல் அது. ரெண்டு ரூபா பஸ்ஸர் இந்த வேலைக்கு ஆகாது, அது 2, 3 ஆயிரம் ஹெர்ட்ஸ்லதான் கத்தும், அதனாலதான் நாலு இன்ச் ஸ்பீக்கர் வாங்கச் சொன்னேன், அதையும் ஒரு மரப்பெட்டிலயோ காலி பெயிண்ட் டப்பாலயோ மாட்டுங்க. வால்யூம காது கிழியுற அளவுக்கு வேண்டாம், 85 டெசிபல் பக்கம் மேல தேவையில்ல.

இன்னொரு ஆராய்ச்சிய படிச்சப்ப எனக்கு சிரிப்பே வந்துடுச்சு. 2006ல 24 குழந்தைங்கள வெச்சு, சாதா ஸ்மோக் அலாரத்தையும் அப்பா அம்மா குரல பதிவு பண்ண அலாரத்தையும் போட்டுப் பாத்தாங்க. சாதா அலாரத்துக்கு 14 பேர் எழுந்தாங்க, குரலுக்கு 23 பேர். நான் குழந்தை இல்லதான், ஆனா எங்கம்மா குரலுக்கு எனக்கு வயசே ஏறாது.

போன் பண்ணி "அம்மா, என்ன எழுப்புற மாதிரி எட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க"னு கேட்டேன். "எதுக்குடி, கிறுக்கு புடிச்சிருக்கா?"ன்னாங்க. அப்புறம் பதினாலு அனுப்பினாங்க. மொத ரெண்டும் கூச்சமா "எழுந்திரும்மா"னு இருக்கும், பத்தாவதுலேருந்து நெஜமாவே கோவம் வந்துடுச்சு, பதிமூணாவதுல பின்னாடி குக்கர் விசில். வாட்ஸப் வாய்ஸ் நோட் ஓபஸ் ஃபார்மேட்ல வரும், டிஎஃப் பிளேயருக்கு அது புரியாது, எம்பி3யா மாத்துங்க. கார்ட ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணி, எம்பி3னு ஒரு ஃபோல்டர் போட்டு 0001, 0002னு நாலு டிஜிட்ல பேர் வைங்க. 520 ஹெர்ட்ஸ் சத்தத்தையும் ஒரு ஃபைலா இதுலயே போட்டுடலாம். தினமும் ஒரே கிளிப் போடாதீங்க, ரேண்டமா வரட்டும், பழகிட்டா காது கண்டுக்காது. போர்டுலேருந்து பிளேயருக்கு போற டேட்டா லைன்ல 1 கே ரெசிஸ்டர் போடலன்னா ஸ்பீக்கர் இரைஞ்சுட்டே இருக்கும். பிளேயரோட 5 வோல்ட் பக்கத்துல 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு, இல்லன்னா அம்மா கத்துற நேரத்துல வோல்ட்டேஜ் இறங்கி போர்டு ரீஸ்டார்ட் ஆயிடும்.

ஸ்டெப் 6: ஆஃப் பண்ற இடம்

ரெண்டாவது இஎஸ்பி32யும் ஆர்எஃப்ஐடி ரீடரும் கிச்சன்ல, அடுப்பு பக்கம் செவுத்துல. அலாரம் நிக்கணும்னா ஒரு டேக கொண்டு வந்து அதுல காட்டணும். டேக எங்க ஒட்டுறதுங்கிறதுலதான் சாமர்த்தியம். எனக்கு காபி இல்லாம நாளே ஆரம்பிக்காது, அதனால காபி ஃபில்டர் அடியில ஒட்டலாம்னு ஆசையா ஒட்டினேன், படிக்கவே இல்ல. மெட்டல் மேல ஒட்டினா 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக் செத்த மாதிரிதான். இப்ப காபிப்பொடி பிளாஸ்டிக் டப்பா அடியில இருக்கு, டப்பா இருக்கிறது ஹால் ஷெல்ஃப்ல, ரீடர் இருக்கிறது கிச்சன்ல. ஆக எழுந்து, ஹாலுக்கு போய், டப்பாவ எடுத்து, கிச்சன் லைட்ட போட்டு, ரீடர்ல வெச்சு 5 செகண்ட் புடிக்கணும். டப்பா கைல, அடுப்பு முன்னாடி, இதுக்கு மேல திரும்பிப் போய் படுக்குறதுக்கு தனி வைராக்கியம் வேணும்.

டேக் ராத்திரியே பெட்ரூமுக்கு எடுத்துட்டு வந்தா பயன் இல்ல, ரீடரே கிச்சன்லதான இருக்கு. பிளக்க புடுங்கினா? பெட்ரூம் யூனிட்டுக்கு யுபிஎஸ் இருக்கு, அத பீரோ மேல வெச்சிருக்கேன், ஏறணும்னா ஸ்டூல் வேணும்.

ரெண்டு போர்டும் பேசிக்க இஎஸ்பி-நௌ யூஸ் பண்ணுங்க, ரவுட்டர் தேவையில்ல, கரண்ட் போனாலும் பேசும். கிச்சன் போர்டுக்கும் ஒரு பேட்டரி வேணும் அப்ப, சாதா பவர் பேங்க் கரண்ட் கம்மியா இழுத்தா தானா ஆஃப் ஆயிடும், அதுல மாட்டிட்டு ஏமாறாதீங்க. ஒரே ஒரு சிக்கல், பெட்ரூம் போர்டு வைஃபைல சேந்ததும் ரவுட்டரோட சேனலுக்கு மாறிடும், கிச்சன் போர்டு பழைய சேனல்லயே நிக்கும், ரெண்டுக்கும் பேச்சு வார்த்தை முறிஞ்சிடும். ரவுட்டர் செட்டிங்ல ஆட்டோ சேனல எடுத்துட்டு ஒரு நம்பர ஃபிக்ஸ் பண்ணுங்க, கிச்சன் போர்டுலயும் அதே நம்பர். இது தெரியாம ஒரு நாள் டப்பாவ ரீடர்ல வெச்சு இருபது நிமிஷம் நின்னேன், உள்ள அம்மா கத்திக்கிட்டே இருக்காங்க.

ஸ்டெப் 7: வரிசை

அஞ்சரைக்கு எழணும்னு வைங்க. 5:00க்கு லைட் ஆரம்பிக்கும். 5:30க்கு ஃபேன் நிக்கும், வேற எதுவும் கெடையாது, நாலு நிமிஷம் அமைதி. சொன்னா நம்ப மாட்டீங்க, வாரத்துல நாலு நாள் எனக்கு இங்கயே முழிப்பு வந்துடுது. 5:34க்கு அம்மா, சாஃப்ட் கிளிப்லேருந்து கோவ கிளிப் வரைக்கும், நடுவுல இருபது செகண்ட் கேப். 5:40க்கு 520 ஹெர்ட்ஸ், அரை செகண்ட் சத்தம் அரை செகண்ட் அமைதினு. கட்டில விட்டு எழுந்தா சத்தம் பாதியா குறையும், ஆனா நிக்காது. டேக் காட்டினாதான் நிக்கும், ஃபேனும் மறுபடி ஓடும்.

டேக் காட்டினதுக்கப்புறம் 30 நிமிஷம் பேட் கவனிச்சிட்டே இருக்கும். அதுக்குள்ள படுத்தா ஃபேன் நின்னு நேரா கோவ கிளிப்புக்கு போயிடும், சாஃப்டுக்கு சான்ஸே இல்ல. இந்த 30 நிமிஷம் சும்மா வெச்சதில்ல, மேல சொன்ன தூக்க மந்தம் அடங்குற நேரம் அது. ஸ்னூஸ் வெக்கவே வெக்காதீங்க. உங்களுக்கு ஸ்னூஸ் கண்டிப்பா வேணும்னா அலாரத்த பத்து நிமிஷம் தள்ளி வைங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

கடைசி ஆயுதம்: 5:55 வரைக்கும் டேக் வரலன்னா டெலிகிராம் பாட் வழியா அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போகும். அம்மாவுக்கு வாட்ஸப்தான் தெரியும், தம்பி உக்காந்து டெலிகிராம் போட்டுக் குடுத்தான், "அக்கா, நீ மெஷின் செஞ்சு கடைசில அம்மாகிட்டயே போய் நிக்கிறியே"னு ஒரு நக்கல் வேற. இருக்கட்டும்.

ஸ்டெப் 8: ட்ரையல்

லீவு நாள்ல, மத்தியான தூக்கத்துல மொதல்ல ஓட்டிப் பாருங்க. மூணு விஷயம் வேணும்னே கெடுத்துப் பாருங்க: வைஃபைய ஆஃப் பண்ணி, மெயின் கரண்ட ஆஃப் பண்ணி, அலாரம் நடுவுல போர்ட ரீசெட் பண்ணி. ரீசெட் ஆனா அலாரம் மறந்துடக்கூடாது, டேக் காட்டினது இன்னிக்கா இல்லயாங்கிறத ஃபிளாஷ்ல எழுதி வெச்சு பூட் ஆனதும் அத படிக்கச் சொல்லுங்க. மொத ரெண்டு வாரம் போன் அலாரத்தையும் பேக்கப்பா வைங்க, ஹால்ல. கூட தங்குறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, என் ஃப்ரெண்டு மொத நாள் இருட்டுல எங்கம்மா குரல் கேட்டு தூக்கிவாரிப் போட்டு எழுந்து முகம் கழுவிட்டு ஹாலுக்கு வந்து "ஆன்ட்டி எப்ப வந்தீங்க?"ன்னா.

சோம்பேறி வெர்ஷன்

சால்டரிங்கே வேண்டாம்னா: ஒரு பெடஸ்டல் ஃபேன், ஐஎஸ்ஐ மார்க் உள்ள ஒரு ஸ்மார்ட் பிளக், அதோட ஆப்லயே தினமும் அஞ்சரைக்கு ஆஃப்னு ஷெட்யூல். சீலிங் ஃபேன்தான் இருக்குன்னா எலக்ட்ரீஷியன கூப்பிட்டு சுவிட்ச் போர்டுக்குள்ள ஸ்மார்ட் சுவிட்ச் போடச் சொல்லுங்க, நீங்க கை வெக்காதீங்க, அப்புறம் பழைய சுவிட்ச் கட்டில்லேருந்து எட்டுற தூரத்துல இருக்கானு பாருங்க, இருந்தா கட்டில நகத்துங்க. போன கிச்சன்ல சார்ஜ் போட்டு அதுல அம்மா குரல அலாரம் டோனா வைங்க. கட்டில் உளவாளி இருக்காது, ஆனா பாதி வேல ஆயிடும்.

என் மெஷின் இப்ப நாலு மாசமா ஓடுது. அம்மாவுக்கு மெசேஜ் போனது ஒரே ஒரு தடவதான், அதுவும் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப. போன வாரம் அம்மா போன் பண்ணாங்க, குரல்ல ஒரு சடைப்பு, "உன் மெஷின்லேருந்து எனக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குதே, நீ எழுந்தியா இல்லயானு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" அன்னிக்கு ராத்திரி கோட்ல ஒரு வரி சேத்தேன். இப்ப டேக் காட்டினதும் தஞ்சாவூருக்கு "எழுந்துட்டா"னு ஒரு மெசேஜ் போகுது, ரெண்டு நிமிஷத்துல அங்கேருந்து பதில் வருது, "காபில சக்கரை கம்மியா போடு".